சிஸ்டம்காரர் வந்துட்டாரா?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி நடக்க யாரெல்லாம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி, மேனேஜர், கட்டிங் மாஸ்டர், தையல் லைனில் உட்காரும் பெண்கள், செக்கிங், பேக்கிங் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். ஒருவரை மட்டும் விட்டுவிடுவார்கள். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. வருகைப் பதிவேட்டிலும் இருக்காது. ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கிவிட்டால், வாட்ச்மேன் முதல் முதலாளி வரை கேட்பது ஒரே கேள்விதான்: "சிஸ்டம்காரர் வந்துட்டாரா?"

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் கயிறு கட்டிய பென்டிரைவ், சட்டைப் பையில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் இரண்டு செல்போன். எப்போது கூப்பிட்டாலும், "வாணியம்பாடி தாண்டினு இருக்கேன் சார், பத்தே நிமிஷம்" என்பார். பைபாஸில் எப்படிப் பறந்தாலும் பத்து நிமிஷத்தில் வந்து சேர முடியாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். உண்மையில் அவர் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அதனால் பத்து நிமிஷத்தில் வந்தும்விடுவார்.

வந்தவுடன் உட்கார மாட்டார். நின்றபடியே மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "யாரு கைவெச்சது?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ரெண்டு தடவ பண்ணோம்ணா."

"நான் ஒருக்கா பண்றேன், பாருங்க."

நாம் பண்ணும் ரீஸ்டார்ட் வேறு, அவர் பண்ணும் ரீஸ்டார்ட் வேறு. அவர் கைபட்டால் பாதி வியாதி அதிலேயே போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் அவர் உட்காருவார்.

அந்த மீதிப் பாதியில் பெரும்பங்கு, டவுன்லோடு செய்த புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்ட மறுக்கும் வழக்குதான். ஏற்றுமதி கம்பெனியில் இது ஓயாத வழக்கு. வருமான வரி, ஜிஎஸ்டி, டிஜிஎஃப்டி, சுங்கத்துறை என்று எங்கே போனாலும் டிஜிட்டல் கையெழுத்து கேட்பார்கள். அந்தக் கையெழுத்து ஒரு யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. டோக்கனைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு டிரைவர் வேண்டும். அது பிரவுசரோடு பேச எம்சைனர் மாதிரி இன்னொரு புரோகிராம் வேண்டும். டிடிஎஸ் ரிட்டர்னைச் சரிபார்க்கும் புரோகிராமுக்கு ஜாவா வேண்டும். எல்லாமே டவுன்லோடு சரக்கு. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் கர்ம சிரத்தையாக டவுன்லோடு செய்து, இரண்டு முறை தட்டுவாள். அங்கே நிற்கும் தடங்கல்.

"அண்ணா, டோக்கன் டிரைவர் ரன் பண்ணா நீலக்கலர்ல ஒரு பொட்டி வந்து நிக்குதுண்ணா."

"இன்னா சொல்லுது?"

"விண்டோஸ் நம்ம கம்ப்யூட்டரைக் காப்பாத்திடுச்சாம். 'டோன்ட் ரன்'னு ஒரே ஒரு பட்டன்தான் குடுத்திருக்கான்."

"ஒண்ணுதானா? நல்லாப் பாரும்மா."

இந்த இடத்தில்தான் சிஸ்டம்காரரின் முகத்தில் ஒரு களை வரும். அந்த நீலப் பெட்டியில் 'மோர் இன்ஃபோ' என்று கோடிட்ட இரண்டு சொல் பொடி எழுத்தில் இருக்கிறது. பட்டன் வடிவம் அதற்குக் கிடையாது. அதைத் தட்டலாம் என்பது ஆபீஸில் யாருக்கும் தோன்றியிராது. அவர் தட்டுவார். உடனே பெட்டி இன்னும் நாலு சொல் பேசும். புரோகிராமின் பெயர் என்ன, அதை வெளியிட்டவர் யார் என்று இரண்டு வரி காட்டும். கீழே, அதுவரை இல்லாத 'ரன் எனிவே' என்ற பட்டன் முளைக்கும். பட்டன் முளைத்த கணத்திலேயே அவர் விரல் அதை அமுக்கியிருக்கும். நடுவில் வந்த அந்த இரண்டு வரியை அவரும் படிக்கவில்லை, பக்கத்தில் நின்ற நாலு பேரும் படிக்கவில்லை. "அவ்ளோதான்!" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். 300 ரூபாய். பில் கிடையாது, டீ உண்டு.

இந்த ஞானம் அவருக்கு ஒரே நாளில் வந்ததல்ல. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோது, இன்டர்நெட்டிலிருந்து இறங்கிய புரோகிராமைத் திறக்கும் முன் கம்ப்யூட்டர் கேள்வி கேட்க ஆரம்பித்தது. அப்போது அவர் பிரவுசிங் சென்டரில் உதவியாள். 2007-ல் விஸ்டா வந்தது. எதைத் தொட்டாலும் திரை மங்கி, "இதற்கு அனுமதி கொடுக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தது. அந்தக் கேள்வியையே அடியோடு அணைத்துவைக்கும் வித்தையை அப்போதுதான் கற்றார். ஊர் உலகமெல்லாம் சலித்துக்கொண்டதால் 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் கேள்விகளைக் குறைத்தார்கள். 2012-ல் விண்டோஸ் 8-ஓடு அந்த நீலப் பெட்டி வந்தது. இந்த வரலாறு முழுவதிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: "எது கேட்டாலும் எஸ் குடுத்துனே போவணும் சார். நோ குடுத்தா வேலை நடக்காது."

2022-ல் மட்டும் அவருக்கு ஒரு சோதனை வந்தது. இன்டர்நெட்டிலிருந்து வரும் எக்செல் ஃபைல்களில் மேக்ரோ எனும் குட்டி புரோகிராம் ஓடுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தத் தொடங்கியது. வருமான வரிக் கணக்குக்கான எக்செல் படிவத்தைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை. மேக்ரோவைத் தடுத்துவிட்டோம் என்ற அறிவிப்பும், மேலும் அறிய ஒரு பட்டனும் மட்டும் இருந்தன. எஸ்ஸும் இல்லை, ரன் எனிவேயும் இல்லை. சரி என்று அமுக்கப் பட்டனே இல்லாத எச்சரிக்கையை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இரண்டு நாள் ஊரில் எந்த ஆபீஸிலும் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் புது மந்திரத்தோடு வந்தார். ஃபைலைப் பென்டிரைவில் போட்டார், பிடுங்கினார், மறுபடி செருகினார், திரும்ப கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தார். திறந்தால் சிவப்புப் பட்டையைக் காணோம்!

"இன்னா தம்பி பண்ணே?"

"பென்டிரைவ்ல போட்டு எடுத்தா சுத்தமாயிடும் பாய்."

சுத்தமும் இல்லை, சுகாதாரமும் இல்லை. இன்டர்நெட்டிலிருந்து ஒரு ஃபைல் இறங்கும்போதே விண்டோஸ் அதனோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை ஒட்டிவைக்கிறது. சோன் ஐடென்டிஃபையர் என்று அதற்குப் பெயர். உள்ளே 3 என்ற எண் இருந்தால் இன்டர்நெட் சரக்கு என்று பொருள். எச்சரிக்கைகள் பெரும்பாலும் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கிளம்புகின்றன. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதப்பட்டிருப்பதால் குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட் 32 முறையில் இருக்கும். அதில் இப்படிப்பட்ட ஒட்டுக்குறிப்புக்கு இடமே கிடையாது. எனவே குறிப்பு உதிர்ந்துவிடும். ஃபைலில் நஞ்சு இருந்தால் அது அப்படியேதான் இருக்கும், உதிர்ந்தது ஊர்ப்பெயர் மட்டும். இதையே நேர்வழியில் செய்ய, ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் கடைசியில் இருக்கும் 'அன்பிளாக்' கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். ஆனால் டிக் அடிப்பதைப் பார்த்து யார் 300 ரூபாய் கொடுப்பார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு அவருடைய திறமையைச் சொல்லாமல் போனால் பாவம். ஒரு நாள் எந்த வெப்சைட்டும் திறக்காது. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வரும். ஆபீஸே கூடி வைரஸ் என்று தீர்மானம் போட்டிருக்கும். இன்டர்நெட் கம்பெனிக்காரனைத் திட்டியிருப்பார்கள், ஆடிட்டரைத் திட்டியிருப்பார்கள். இவர் வந்து திரையின் வலதுபக்க மூலையை மட்டும் பார்ப்பார். தேதி 2009 என்று காட்டும். வெப்சைட்டுகள் தங்களை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. 2009-ல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத பிள்ளைகள். சிபியூவைத் திறந்து, மதர்போர்டில் செத்துக் கிடக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிதைப் போடுவார். தேதியைச் சரிசெய்வார். எல்லா எச்சரிக்கையும் ஒரே நேரத்தில் அடங்கும். அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒரு பிளேட் பிரியாணி சொல்வது நியாயம். ஆம்பூரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

தொல்லை எங்கே தொடங்குகிறதென்றால், பேட்டரியில் காட்டிய அறிவை அவர் ஆன்டி வைரஸில் காட்டுவதில்லை. அவர் அகராதியில் ஆன்டி வைரஸ்தான் பெரிய வைரஸ். "சிஸ்டத்தை ஸ்லோ பண்றதே அதான் பாய்" என்பார். முதல் வேலையாக அதை அணைப்பார். அது மறுநாள் தானாக உயிர்த்தெழுந்தால், விதிவிலக்குப் பட்டியலுக்குள் போய் ஒரு ஃபோல்டரைச் சேர்ப்பார். எந்த ஃபோல்டர் என்ற ஆராய்ச்சிக்கு நேரமில்லாததால் டி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிடுவார். அன்றுமுதல் டி டிரைவில் எது வந்து குடியேறினாலும் காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

அந்த டி டிரைவில்தான் அவருடைய பொக்கிஷமும் இருக்கும். ஷூவுக்கு பேட்டர்ன் வரைகிற சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது என்று கம்பெனி முனகும். இவர் "நம்மகிட்ட கிராக் இருக்கு சார்" என்பார். பூட்டை உடைத்த அந்தத் திருட்டுப் பிரதியோடு ஒரு குறிப்பு வரும், அதில் முதல் வரி: ஆன்டி வைரஸை அணைக்கவும். திருடன் வருவதற்கு முன்பே, 'நாயைக் கட்டிப்போடுங்கள்' என்று கடிதம் போட்டு, நாமும் கட்டிப்போட்டது உலகத்தில் இந்தத் துறையில் மட்டும்தான்.

2018-லிருந்து ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் பணயத் தொகை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் இந்தக் கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். மாட்டிய கம்ப்யூட்டரில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டிசைன் எல்லாம் திறக்க முடியாதபடி பூட்டப்படும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் கிடக்கும்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490 டாலர். தோல் வியாபாரத்தில் உடனடிப் பணத்துக்குத் தள்ளுபடி கேட்டுப் பழகிய முதலாளிக்கே, கேட்காமல் 50 சதவீதம் தள்ளுபடி தரும் பார்ட்டியை அன்றுதான் தெரியும். அந்த நேரம் பார்த்து சிஸ்டம்காரருக்குப் போன் போட்டால், வாணியம்பாடி தாண்டினு இருப்பதாகச் சொல்வார். இந்த முறை உண்மையிலேயே தாண்டியிருப்பார். எதிர்த்திசையில்.

இதெல்லாம் வேறு ஊரில் நடந்தால் விட்டுவிடலாம். ஆம்பூரில் நடப்பதுதான் வேடிக்கை. கண்ணால் பார்த்து, கையால் தடவி, அதற்குப் பிறகும் நம்பாத ஊர் இது. தோல் ஷாப்பில் தோலை வெளிச்சத்தில் விரித்துப்போட்டு, கீறல் எங்கே, உண்ணி கடித்த புள்ளி எங்கே, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எங்கே என்று பார்த்துத்தான் கிரேடு பிரிப்பார்கள். ஷூவில் ஒரு தையல் விட்டிருந்தால் செக்கிங் பெண் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். லைன் நிற்கிறதே என்று சூப்பர்வைசர் கத்தினாலும் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான். 2015 மே 1-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உடம்பில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலை குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டால் விற்க முடியாது. அந்த 3 மில்லிகிராமுக்கு லேப் ரிப்போர்ட் வாங்கி, ஃபைலில் கோத்து, பையருக்கு அனுப்பிவைக்கிற ஊர், 300 எம்பி புரோகிராமை யார் அனுப்பினார்கள் என்று ஒரு வரி படிக்காமல் உள்ளே விடுகிறது. ஒரு தோலை 'கிரேடு எனிவே' என்று சொல்லி உள்ளே அனுப்பச் சொல்லுங்கள் பார்ப்போம். வேலையே போய்விடும்.

அந்த ஒரு வரி என்ன என்பதும் முதலாளிக்குப் புதிய விஷயமல்ல. அவர் டோக்கனில் இருக்கும் கையெழுத்துக்கு 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அரசு உரிமம் பெற்ற நிறுவனம், பான் கார்டு வாங்கி, வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லி, இவர் இவர்தான் என்று உறுதிசெய்த பிறகே அதைக் கொடுத்தது. புரோகிராம் வெளியிடுகிற கம்பெனியும் இதே வகைச் சான்றிதழை வாங்கி, இதே முறையில் தன் சரக்கில் கையெழுத்துப் போடுகிறது. 'மோர் இன்ஃபோ'வைத் தட்டினால் தெரியும் 'பப்ளிஷர்' என்ற வரி அந்தக் கையெழுத்துதான். தன் கையெழுத்துக்காக மாதாமாதம் அல்லாடுகிறவர் அடுத்தவன் கையெழுத்தைப் பார்ப்பதே இல்லை. தன் கையெழுத்தையும் எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறார் என்றால், டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. அதன் பின் நம்பர் டோக்கன் மேலேயே செல்லோ டேப்பில் ஒட்டியிருக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நீலப் பெட்டி வந்துவிட்டாலே அது வைரஸ் என்று அர்த்தமில்லை. கையெழுத்துச் சான்றிதழ் வாங்க வருஷா வருஷம் காசு கட்டவேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய இலவசமாக ஒரு கருவி எழுதித் தரும் தனியாள் அந்தக் காசுக்கு எங்கே போவார்? டவுன்லோடு செய்தவர்கள் குறைவு என்றாலும் விண்டோஸ் சந்தேகப்படும். பெட்டி சொல்வது, "இவன் கெட்டவன்" என்றல்ல. "இவன் யாரென்று எனக்குத் தெரியாது" என்பதுதான். தெரியாதவன் வாசலில் நின்றால் நாம் விரட்டவும் மாட்டோம், கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகவும் மாட்டோம். யார், எங்கிருந்து வருகிறார் என்று கேட்போம்.

கேட்கும் முறை சுலபம். டோக்கன் டிரைவரை டோக்கன் தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தும், வரிப் படிவத்தை அந்தந்தத் துறையின் தளத்திலிருந்தும் மட்டும் இறக்குங்கள். கூகிளில் தேடினால் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். இறக்கிய ஃபைலின் பிராப்பர்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதி இருக்கிறதா, அதில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் மஞ்சள் பட்டை வந்தால் கையெழுத்து உறுதியாகவில்லை என்று பொருள்; விரலை நிறுத்துங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதிக்கலாம். அங்கே ஏற்றியதை மற்றவர்களும் பார்க்க வாய்ப்புண்டு என்பதால் புரோகிராமை மட்டும் ஏற்றுங்கள், கம்பெனி இன்வாய்ஸை ஏற்றிவிடாதீர்கள். விதிவிலக்குப் பட்டியலில் டி டிரைவ் இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கும் இந்த வியாதி செல்போன் வழியாக வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டி அபராதச் சலான் என்றும் ஏபிகே எனும் ஆப் ஃபைலாக வருகிறது. கல்யாணப் பத்திரிகையைப் படிக்க இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. போன் தடுத்தும் அனுமதி கொடுத்து, வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.

சிஸ்டம்காரர் மேல் மட்டும் பழி போட்டுப் பயனில்லை. "ஓடணும்" என்று சொல்லித்தான் நாம் அவரைக் கூப்பிட்டோம். "ஓடலாமா" என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் எதற்குப் பதில் சொல்லவேண்டும்? அடுத்த முறை வந்தால் வழக்கம்போல டீ வாங்கிக்கொடுங்கள். 'மோர் இன்ஃபோ'வுக்கும் 'ரன் எனிவே'க்கும் நடுவே இருக்கும் அந்தக் கம்பெனி பெயரை மட்டும் ஆபீஸுக்கே கேட்கும்படி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்துக் காட்டினால்தான் 300 ரூபாய் என்பதில் கறாராக இருங்கள்.